டிபன் ராஜபாளையம், சாப்பாடு ஸ்ரீவில்லிபுத்தூர்

யோகேஸ்வரிக்குத் தன் தங்கை மாரிச்செல்வியைப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செல்விக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முதல் பஸ்ஸில் போய் இறங்குகிறவள் அவள்தான். தங்கைக்கு ஒரு கஷ்டம் வந்துவிட்டால் யோகேஸ்வரியைப் போல ஓடி வர ஆள் கிடையாது. நல்லது நடந்தால்தான் அவளுக்குத் தாங்காது. செல்விக்கோ பிறந்த நாளிலிருந்து நல்லதாகவே நடந்துகொண்டிருந்தது. நிறம் செல்விக்கு வந்தது, முடி செல்விக்கு வந்தது, அப்புறம் போலீஸ்கார மாப்பிள்ளையும் செல்விக்கே வந்தார். யோகேஸ்வரிக்கு வாய்த்தவர் மாரிச்சாமி. உரக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதைத் தவிர அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள யோகேஸ்வரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்படி இருந்தவளுக்கு இந்த வருஷம்தான் தங்கையை முந்துவதற்கு வழி பிறந்தது. மகள் பானுப்பிரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. சுந்தரபாண்டியத்துப் பையன் ராம்குமார், மின்வாரியத்தில் இன்ஜினியர். ஆவணியில் முகூர்த்தம் குறித்து, ராஜபாளையத்தில் பெரிய மண்டபமாகப் பிடித்தாயிற்று. செல்வியின் மகள் மாரிக்கனிக்கு இன்னும் எதுவும் கூடி வரவில்லை. ஆனி, ஆடி இரண்டு மாதமும் யோகேஸ்வரி நடந்த நடையே வேறு. கடைவீதியில் யார் கூப்பிட்டாலும் நின்று பேசினாள். பேச்சு எதில் தொடங்கினாலும் மின்வாரியத்தில் போய் முடிந்தது.

ஆடி முடிகிற சமயம் செல்வி பால்கோவாப் பெட்டியோடு வந்து நின்றாள்.

“அக்கா, கனிக்கும் அமைஞ்சிருச்சு. பட்டாளத்துப் பையன். நம்ம சிவபாண்டி அண்ணன்தான் பாத்துச் சொன்னாரு.”

யோகேஸ்வரிக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. சிவபாண்டி அவர்களோடு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. யோகேஸ்வரிக்குத் தம்பி, செல்விக்கு அண்ணன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து சொந்தமாக வேன் ஓட்டுகிறான். பானுவுக்கு அவன் மாப்பிள்ளை பார்த்தானா? தரகர்தான் பார்த்தார்.

“சந்தோசம்ட்டி” என்றாள் யோகேஸ்வரி. “எப்ப கல்யாணம்?”

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “மாப்பிள்ளைக்கு லீவு ஒரு வாரந்தான் அக்கா. அந்த வாரத்துல இருக்கது ஒரே முகூர்த்தம். பானு கல்யாணத்தன்னைக்குத்தான். உங்களுக்குக் காலையில ஆறரைக்கு. நாங்க ஒம்பது மணிக்கு மேல வச்சுக்கிடுதோம். அண்ணன் இங்க பட்டம் கட்டிட்டு அரை மணி நேரத்துல அங்க வந்திருவாரு. நீ வேண்டாம்னா வேண்டாம்.”

இவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை மணவறையில் உட்கார வைக்க மாட்டார்கள். இருப்பது ஒரே தாய்மாமன். கல்யாணமோ இரண்டு. வேண்டாம் என்று சொல்ல யோகேஸ்வரிக்கு நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் வேண்டாம் என்றால் ஊர் என்ன சொல்லும்? தங்கச்சி மக வாழ்க்கையைத் தட்டிவிட்டாள் என்று சொல்லும். பல்லைக் கடித்துக்கொண்டு, “இதுல என்னட்டி இருக்கு, வச்சுக்கிடு” என்றாள். பால்கோவாவை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் மாரிச்சாமி தின்று தீர்த்தார்.

அதோடு போயிருந்தால் எல்லாருமே பிழைத்திருப்பார்கள். பத்திரிகை அடித்துக் கொடுத்த மறு வாரம், சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சிவபாண்டி ஒரு செய்தி போட்டான். ‘காலை டிபன் ராஜபாளையம். மதியம் சாப்பாடு ஸ்ரீவில்லிபுத்தூர். வேன் வசதி உண்டு. அனைவரும் வருக.’ அதற்குக் கீழே கும்பிடு போடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன. செத்த நேரத்தில் நாற்பது பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

யோகேஸ்வரி அதைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள். அவளுக்கு நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே சூடு பரவியது. கல்யாணம் என்றால் மதியச் சாப்பாடுதான். பத்து வருஷம் கழித்தும் ஆட்கள் சாம்பாரைப் பேசுவார்கள், பாயசத்தைப் பேசுவார்கள், அப்பளம் நமத்துப் போயிருந்ததைப் பேசுவார்கள். எந்தக் கல்யாணத்து இட்லியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? மூன்று மாதம் முன்னால் நாள் குறித்தவள் அவள். பெரிய மண்டபம் பிடித்தவளும் அவள். கடைசியில் அவள் மகள் கல்யாணம் டிபன், செல்வி மகள் கல்யாணம் சாப்பாடா?

செல்வி வீட்டுச் சாப்பாட்டுக்குப் பேசியிருந்தது குருசாமி மாஸ்டரை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீடு. அவர் சமைக்கிறார் என்று தெரிந்தால், கூப்பிடாதவர்கள்கூட ஒரு காரணம் கண்டுபிடித்து வருவார்கள். யோகேஸ்வரி பேசியிருந்தது ராஜபாளையம் சுப்புராஜ் மாஸ்டரை. குறை சொல்ல முடியாத கை. புகழவும் ஒன்றுமில்லை.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு யோகேஸ்வரி கிளம்பினாள். கோயிலுக்கும் போனாள், பொய் சொல்லக் கூடாது. பானு நன்றாக இருக்க வேண்டும் என்று மனமுருகக் கும்பிட்டாள். அப்புறம் அடுத்த தெருவில் இருந்த குருசாமி வீட்டுக்குள் நுழைந்தாள்.

இந்தப் பக்கம் சமையல் மாஸ்டரைப் பேசி முடிப்பது என்றால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்கள். பாக்கு வாங்கிவிட்டால் அந்த மாஸ்டர் அன்றைக்கு வேறு வீட்டு அடுப்பைத் தொட மாட்டார். வேண்டாம் என்று சொல்வதானால், அந்த வீட்டுக்கு மூத்தவர்கள் நேரில் வந்து சொல்ல வேண்டும். செல்விக்கு மூத்தவள் யார்? யோகேஸ்வரிதானே.

“மாஸ்டர், எப்படிச் சொல்லன்னு தெரியல. செல்வி வீட்டுல மாப்பிள்ளை பக்கத்துக்காரவிய வேற ஆளப் பேசிட்டாவளாம். அவளுக்கு உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்காம். நீ மூத்தவ, நீ போய்ச் சொல்லீரு அக்கான்னா.”

குருசாமியின் முகம் செத்துப்போயிற்று. “என் கையில என்ன குத்தங் கண்டாவ தாயி?”

“குத்தமா? உங்க கையிலயா? அவியளுக்கு யாரோ தெரிஞ்ச ஆளாம்.”

“எதுக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போட்டு...”

“போடாதிய மாஸ்டர். அழுதுருவா” என்றாள் யோகேஸ்வரி. பையிலிருந்து தட்டை எடுத்தாள். வெற்றிலை பாக்கு பழம் எல்லாம் தயாராக இருந்தது. “உங்களச் சும்மா விட்டுருவனா? அன்னைக்கு என் மக கல்யாணத்துக்கு நீங்கதான் மத்தியானச் சமையல்.”

மூத்தவள் வந்து சொன்ன பிறகு இளையவளைக் கூப்பிட்டு விசாரிப்பது மரியாதை இல்லை. குருசாமி மரியாதை தெரிந்த மனிதர். தட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் யோகேஸ்வரிக்கு ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. அவள் ஒன்றும் தங்கையின் குடியைக் கெடுக்க நினைக்கவில்லை. செல்வி அவசரத்துக்கு யாரையாவது பிடிப்பாள், சாம்பார் கொஞ்சம் தண்ணீராக இருக்கும், இங்கே குருசாமி சமையல் என்று தெரிந்ததும் பாதிப் பேர் வேன் ஏறாமல் இங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. சுப்புராஜ் மாஸ்டருக்குப் போன் போட்டு, “நீங்க டிபன் மட்டும் பாத்தாப் போதும்” என்று சொன்னாள். தெலுங்குக்காரரான அவர், “சரேம்மா” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். டிபனுக்கு எதற்கு அத்தனை ஆள் என்று தன் ஆட்களில் பாதிப் பேரை வேறொரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். அதை யோகேஸ்வரியிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாளில் செல்வியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, குருசாமி மாஸ்டர் போனே எடுக்க மாட்டேங்காரு. வீட்டுக்குப் போனா, உங்க சங்காத்தமே வேண்டாம்மான்னு உள்ள போயிட்டாரு. நான் என்னக்கா செஞ்சேன்?”

தங்கையின் குரல் கம்மியிருந்தது. யோகேஸ்வரிக்குள் ஏதோ இனித்தது. இனித்ததும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. “விடுட்டி. ஊர்ல வேற ஆளா இல்ல?” என்றாள்.

ஆள் இருந்தார். செல்வியின் கணவர் பாண்டிதுரை ஏட்டு ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டார். ‘கவலப்படாத அக்கா, அவுக வேற மாஸ்டர ஏற்பாடு பண்ணிட்டாக’ என்று செல்வியே செய்தி அனுப்பினாள். யோகேஸ்வரிக்குச் சப்பென்று போயிற்று. ஒரு பொழுதாவது பெண்டாட்டியை அழவிடுகிறாரா அந்த மனிதர்!

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வந்தது. மண்டபத்தில் விளக்கு ஏற்றியாயிற்று. யோகேஸ்வரியின் பக்கத்துச் சொந்தம் மட்டும் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குச் சுந்தரபாண்டியத்தில் தங்கள் வீட்டிலேயே சொந்தபந்தங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, விடியற்காலையில் கிளம்பி வருவதாகப் பேச்சு. பின்கட்டில் குருசாமி மாஸ்டர் மறுநாளுக்குக் காய் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுப்புராஜ் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். ஒரே அடுப்படியில் இரண்டு மாஸ்டர்கள். இருவரும் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வாசலில் வேன் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஒரு மினி பஸ். சம்பந்தி கருத்தம்மாள் முதலில் இறங்கினாள். பின்னால் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

“ஒண்ணும் நெனைச்சுக்கிடாதிய மதினி” என்றாள் கருத்தம்மாள். “சமையலுக்குப் பேசியிருந்த வெள்ளத்தாய் நேத்துக் கைய விரிச்சுட்டா. வேற ஆளுக்கு அலையாத இடமில்ல. நாளைக்கு முகூர்த்த நாளு, ஒருத்தரும் சும்மா இல்ல. எப்படியும் விடிஞ்சா இங்கதான வரணும், இப்பவே வந்துட்டோம். பிள்ளைய பசியோட இருக்கு.”

யோகேஸ்வரி, “வாங்க, வாங்க, உங்க மண்டபந்தான” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணால் எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள். பின்கட்டுக்கு ஓடினாள். நாளைக்கு வெட்டிய காயெல்லாம் இப்போதே குழம்புக்குப் போயிற்று. நாளைக்கு வாங்கிய பால் பாயசத்துக்குப் போயிற்று. சுப்புராஜின் ஆட்கள் போதாமல், பெண் வீட்டுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பரிமாறினார்கள். சிவபாண்டி அப்போதுதான் மறுநாளைக்கான பட்டத்தையும் மாலையையும் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான்.

மாப்பிள்ளை ராம்குமார் மட்டும் பந்தியில் உட்காரவில்லை. பின்கட்டு வாசலில் கையில் போனோடு வந்து நின்றான். முகத்தில் கோபம் ஒன்றுமில்லை. கணக்குப் போடுகிற பையனின் முகம்.

“அத்தை, மத்தியானத்துலேர்ந்து இதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்” என்றான். “எங்க வேலையில ஒரு லைன் ட்ரிப் ஆச்சுன்னா அதோட லோடு காணாமப் போயிராது. பக்கத்து லைன்ல ஏறும். அது தாங்கலன்னா அதுவும் விழும். பொறவு அதுக்கும் அடுத்தது. அப்படியே ஊர் ஊரா இருட்டாகும். கடைசியா எங்க இருட்டாச்சுன்னு பாத்துப் பிரயோசனமில்ல. மொதல்ல எங்க விழுந்துச்சுன்னு தேடணும்.”

“சாப்பிட வாங்க மாப்பிள்ள, பொறவு பேசலாம்” என்றாள் யோகேஸ்வரி.

“இருங்க அத்தை, முடிச்சிருதேன். எங்க வீட்டுக்கு வர இருந்த வெள்ளத்தாய வன்னியம்பட்டியில ஆவுடையம்மாள்னு ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு இழுத்துக்கிட்டாவ. ஒரே தெருவாம், அவளால மாட்டேன்னு சொல்ல முடியல. அவிய ஏன் இழுத்தாவன்னு கேட்டா, அவிய பேசியிருந்த மாஸ்டர பாண்டிதுரை மாமா கூட்டிட்டுப் போயிட்டாரு. போலீஸ்காரரு, எதுத்துப் பேச முடியல. மாமாவுக்குப் போன் போட்டேன். அவுக பாக்கு வச்சிருந்த மடவார் வளாகத்து மாஸ்டர் திடீர்னு வரமாட்டேன்னுட்டாராம். அந்த ஒருத்தர யாரு இழுத்தாவன்னுதான் பிடிபடல. அந்த ஒரு ஆள் நகண்டதுல இங்க இருந்து சுந்தரபாண்டியம் வரைக்கும் ஒவ்வொரு அடுப்பா அணைஞ்சு, கடைசில எங்காளுக அம்புட்டு பேரும் உங்க அடுப்புக்கு வந்து சேந்துட்டோம்.”

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தோடு குருசாமி வந்தார். மாப்பிள்ளைக்கு முதல் பாயசம் தன் கையால் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

“ருசி பாருங்க தம்பி. குருசாமி கை.”

ராம்குமார் கிண்ணத்தை வாங்கவில்லை. “மடவார் வளாகம் குருசாமி மாஸ்டரா?” என்றான். “நீங்க நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்லல்லா இருக்கணும்?”

“அவியதான் வேற ஆளப் பேசிட்டாவளே. பாக்கு வேண்டாம்னு அக்காகிட்டச் சொல்லி விட்டுட்டாவ.” குருசாமி யோகேஸ்வரியைப் பார்த்தார். ராம்குமாரும் பார்த்தான். குடத்தை இறக்கி வைத்துவிட்டு சிவபாண்டியும் பார்த்தான்.

யோகேஸ்வரிக்கு இன்னொரு பொய் வாயில் தயாராக வந்து நின்றது. நல்ல பொய்தான், நிற்கக்கூடிய பொய். ஆனால் மருமகனாக வரப்போகிறவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“அக்கா, நெசமா?” என்றான் சிவபாண்டி.

“இம்புட்டுத் தூரம் போகும்னு நான் நெனைக்கல தம்பி.”

“எம்புட்டுத் தூரம் போனாப் பரவாயில்லன்னு நெனைச்ச?”

குருசாமி கிண்ணத்தைத் திண்டில் வைத்தார், தோளில் கிடந்த துண்டை உதறிக் கட்டினார், ஆட்களைக் கூப்பிட்டார். “அந்தப் பிள்ள என் வாசல்ல வந்து அழுதுச்சு. கதவச் சாத்துனேன்” என்று மட்டும் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆட்கள் சிவபாண்டியின் வேனில் ஏறினார்கள்.

யோகேஸ்வரி வேன் கதவைப் பிடித்தாள். “தம்பி, விடிஞ்சா பட்டம் கட்டணும்.”

“கட்டுதேன். எந்தப் பிள்ளைக்கு மொதல்ல கட்டணும்னு அங்க போய்க் கேட்டுட்டு வாரேன்” என்று சொல்லி வண்டியை எடுத்தான். பட்டம் வைத்த தட்டை விட்டுவிட்டுப் போனான்.

விடிந்தது. பானுப்பிரியா பட்டுச் சேலையோடு மணப்பெண் அறையில் உட்கார்ந்திருந்தாள். நாதஸ்வரக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். தட்டில் மாலையும் பட்டமும் அப்படியே இருந்தன.

“மாமாவ எங்கம்மா?” என்றாள் பானு. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

யோகேஸ்வரி சிவபாண்டிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மாரிச்சாமிக்கு அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மனிதர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “செல்விக்குப் போடு” என்று மட்டும் சொன்னார்.

யோகேஸ்வரி நாற்பத்தாறு வயதுவரை தங்கையிடம் ஒரு கைப்பிடி உப்புக்கூடக் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம். கொடுக்கும்போதெல்லாம் தான் மேலே நிற்பதாக ஒரு சுகம். இப்போது அந்தப் பெயரை அழுத்த அவள் விரல் தயங்கியது. உள்ளே மகள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத்தினாள்.

“செல்வி, தம்பிய அனுப்பி வைட்டி. பானு காத்துக்கிட்டு இருக்கா.”

அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன.

“வைக்கேன் அக்கா” என்றாள் செல்வி.

முகூர்த்தம் தாண்டுவதற்குள் வேன் வந்துவிட்டது. சிவபாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் செல்வியும் இறங்கினாள். இன்றைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற பெண்ணின் தாய், தன் வீட்டு வாசல் தாண்டி வந்து நிற்கிறாள். கூட்டம் வாயைப் பிளந்தது.

“நீயும் வந்தா வாரேன், இல்லன்னா இல்லன்னாரு அண்ணன். அதான் இழுத்துக்கிட்டு வந்தேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, செல்வி நேராகப் பானுவிடம் போய் அவள் கன்னத்தைத் தடவினாள். செல்வி கிளிப்பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். அந்த நிறத்தைத்தான் யோகேஸ்வரி கடை கடையாகத் தேடிக் கிடைக்காமல் ஊதாவில் முடித்தாள். அந்த நேரத்திலும் அது கண்ணில் உறுத்தியது. உறுத்தியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

சிவபாண்டி பட்டத்தை எடுத்துப் பானுவின் நெற்றியில் கட்டினான். தாலி ஏறியது. எல்லாரும் அட்சதை போட்டார்கள். “தங்கச்சின்னா இப்படில்லா இருக்கணும்” என்று யாரோ ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார். இந்தக் கல்யாணத்திலும் பேர் அவளுக்கே போயிற்று.

கூட்டம் டிபனுக்கு நகர்ந்தபோது சுப்புராஜ் வந்து யோகேஸ்வரியின் முன்னால் நின்றார். “அம்மா, மத்தியானத்துக்கு எங்கிட்ட ஏமீ லேது. காய் இல்ல, பாலு இல்ல, ஆளு இல்ல. நீங்கதான டிபன் மட்டும்னு சொன்னீங்க?”

பக்கத்து மண்டபம், கடைவீதி, ஓட்டல் என்று யோகேஸ்வரியின் மனசு ஓடியது. எங்கேயும் ஆள் கிடைக்காது. எல்லாரும் ஏதாவது ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள்.

வேனில் ஏறப்போன செல்வி திரும்பி வந்தாள். “அக்கா, குருசாமி மாஸ்டர் நேத்து வந்ததுமே அந்த வன்னியம்பட்டிக்காரவிய மாஸ்டர அவியளுக்கே அனுப்பிட்டோம். வெள்ளத்தாய்க்கு அங்க வேலை இல்லாமப் போச்சா, அவள நான் வரச் சொல்லிட்டேன். சோத்துக்கு ஒல கூடுதலாத்தான் வச்சிருக்கு. சம்பந்தி வீட்டாரையும் சேத்துக் கூட்டிட்டு வந்துரு.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏன் அக்கா இப்படிச் செஞ்ச?” என்று நாலு பேர் பார்க்க ஒரு சத்தம் போட்டிருந்தால் யோகேஸ்வரியும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். இரண்டு பேரும் அழுது, மூக்கைச் சிந்தி, கணக்கு தீர்ந்திருக்கும். செல்வி அதற்கும் இடம் கொடுக்காமல் வேன் ஏறிப் போய்விட்டாள்.

மேடையில் வாழ்த்துச் சொல்ல ஒரு மைக் வைத்திருந்தார்கள். யோகேஸ்வரி அதற்கு முன்னால் போய் நின்றாள். அவளே சொல்ல வேண்டியிருந்தது. வேறு யார் சொன்னாலும் பொருத்தமாக இருக்காது.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றாள். “வந்த சனமெல்லாம் வயிறாரச் சாப்பிடணும். இங்க டிபன். மத்தியானச் சாப்பாடு...” ராம்குமார் மாலையும் கழுத்துமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மத்தியானச் சாப்பாடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல, என் தங்கச்சி வீட்டுல. ஒருத்தர் விடாம வந்திரணும்.”

கூட்டம் கை தட்டியது. ஒற்றுமையான அக்கா தங்கச்சி என்று பேசிக்கொண்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் மாரிக்கனிக்கும் தாலி ஏறிய பிறகு பந்தி தொடங்கியது. யோகேஸ்வரி, சம்பந்தி கருத்தம்மாளுக்குப் பக்கத்தில் இலையின் முன் உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். சாம்பாரைக் குறை சொல்லலாமா என்று பார்த்தாள். சொல்ல முடியவில்லை. அவியலைப் பார்த்தாள். அப்பளம் மொறுமொறுவென்று உடைந்தது. குருசாமி தூரத்தில் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு செல்வியே வரிசையில் வந்தாள். அக்காவின் இலைக்கு முன் குனிந்து ஒரு கரண்டி ஊற்றினாள்.

“அக்கா, காலையில உங்க வீட்டு டிபன் ரொம்ப நல்லாருந்துச்சாமே” என்றாள். “வந்தவிய எல்லாருஞ் சொல்லுதாவ.”

யோகேஸ்வரி சட்டென்று நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தேடினாள், உதட்டு ஓரத்தில் தேடினாள். வேர்வையும் களைப்பும் தவிர அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன முள்ளாவது இருந்திருந்தால் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்திருப்பாள்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா அக்கா?”

பாயசம் தித்தித்தது. யோகேஸ்வரி குனிந்துகொண்டாள்.

“ஊத்து” என்றாள்.